கேட் தேர்வின் எஸ்க்யூஎல் வினாக்கள்: வினவலைத் தாளில் ஓட்டிப் பார்த்து விடை காணும் முறை

பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வின் கணினி அறிவியல் தாளில் 65 வினாக்கள், 100 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். தரவுத்தளப் பாடத்திலிருந்து வரும் வினாக்கள் அதில் சிறிய பங்குதான் என்றாலும், எஸ்க்யூஎல் (SQL, தரவுத்தளத்திடம் வினவல்களாகக் கேள்வி கேட்கும் மொழி) வினா ஒன்று வந்தால் அது பெரும்பாலும் ஒரே வடிவில்தான் இருக்கும்: இரண்டு மூன்று சிறிய அட்டவணைகளைக் கொடுத்து, ஒரு வினவலையும் கொடுத்து, விடையில் எத்தனை வரிசைகள் வரும் என்று கேட்பார்கள். விடையை எண்ணாக உள்ளிட வேண்டிய வினா என்றால் எதிர்மறை மதிப்பெண் கிடையாது. ஆனால் நான்கு தெரிவுகளை வைத்துக் கழித்துப் பார்க்கும் வசதியும் கிடையாது. 2021 முதல் சேர்க்கப்பட்ட, ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கக்கூடிய வினாக்களிலோ பகுதி மதிப்பெண்ணே இல்லை. தேர்வு அறையில் கையில் இருப்பது குறிப்புத் தாளும் திரையில் ஒரு கால்குலேட்டரும் மட்டுமே. வினவலை ஓட்டிப் பார்க்க எந்த மென்பொருளும் இருக்காது. ஆகவே, இந்த வினாக்களுக்குத் தயாராவது என்பது கட்டளைகளை மனப்பாடம் செய்வதல்ல, தரவுத்தளம் செய்யும் வேலையைத் தாளில் தானே செய்யப் பழகுவதுதான் என்பது என் அனுபவத்தில் உறுதிப்பட்டது. நேர்காணல்களில் வெள்ளைப் பலகையின் முன் நின்றபோதும் இதே பழக்கமே உதவியது.

முதலில் திருத்திக்கொள்ள வேண்டியது வாசிக்கும் வரிசையை. வினவல் எழுதப்படுவது செலக்டில் (SELECT) தொடங்கி. பொருள் கொள்ளப்படுவது ஃப்ரமில் (FROM) தொடங்கி. ஃப்ரமும் ஜாயினும் முதலில் அட்டவணைகளை இணைக்கின்றன. பிறகு 'வேர்' (WHERE) நிபந்தனை ஒவ்வொரு வரிசையாகச் சலிக்கிறது. மிஞ்சியவற்றை குரூப் பை குழுக்களாகப் பிரிக்கிறது. ஹேவிங் அந்தக் குழுக்களைச் சலிக்கிறது. அதன் பிறகே செலக்ட் பட்டியல் கணக்கிடப்படுகிறது. இரட்டிப்புகளை நீக்கும் டிஸ்டிங்க்ட் அதற்கும் பின், வரிசைப்படுத்தும் ஆர்டர் பை அதற்கும் பின். இந்த வரிசை மனத்தில் பதிந்துவிட்டால், 'வேர்' பகுதியில் கவுண்ட், சம் போன்ற தொகுப்புச் சார்புகளை ஏன் எழுத முடியாது, செலக்டில் சூட்டிய புனைபெயர் 'வேர்' பகுதிக்கு ஏன் தெரியாது என்பவற்றைத் தனித்தனி விதிகளாக நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. அந்தக் கட்டத்தில் குழுவும் பிறக்கவில்லை, புனைபெயரும் பிறக்கவில்லை.

அடுத்து, பயிற்சிக்கான அட்டவணை. பாடநூல்களில் வரும் மாதிரித் தரவு பெரும்பாலும் மிகவும் ஒழுங்கானது. எல்லாப் புலங்களும் நிரம்பியிருக்கும், எந்த மதிப்பும் இரண்டு முறை வராது. அப்படிப்பட்ட தரவில் தவறான வினவலும் சரியான விடையைத் தந்துவிடும். நான் வைத்துக்கொண்டது வேண்டுமென்றே ஒழுங்கு குலைந்த ஒரு சிறிய அட்டவணை. பணியாளர்கள் ஐந்து பேர்: 1 மீனா, கணக்குத் துறை, சம்பளம் 55000, மேலாளர் நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை), 2 கதிர், விற்பனை, 55000, மேலாளர் 1, 3 ரஹீம், விற்பனை, 40000, மேலாளர் 1, 4 செல்வி, விற்பனை, 30000, மேலாளர் 2, 5 ஜோசப், துறை நல், சம்பளம் நல், மேலாளர் 2. துறைகள் மூன்று: கணக்கு, விற்பனை, ஆளே இல்லாத கிடங்கு. ஒரு சம மதிப்பு, சில நல்கள், ஒரு வெற்றுத் துறை ஆகிய இவ்வளவே போதும். வழக்கமாகக் கேட்கப்படும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஐந்து வரிகளுக்குள் வெளிப்பட்டுவிடும்.

எடுத்துக்காட்டாக, நேர்காணல்களில் தவறாமல் எதிர்ப்படும் 'இரண்டாவது அதிகச் சம்பளம்' என்ற கேள்வி. சம்பளத்தை இறங்குவரிசையில் அடுக்கி, முதல் வரியை விட்டு அடுத்ததை எடுப்பது பலருக்கும் முதலில் தோன்றும் வழி. நம் அட்டவணையில் அது மீண்டும் 55000 என்றே தருகிறது, ஏனெனில் முதலிடத்தில் இருவர் இருக்கிறார்கள். டிஸ்டிங்க்ட் சேர்த்தால் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் 40000 கிடைக்கும். போஸ்ட்கிரெஸ் என்ற மற்றொன்றில் அப்போதும் 55000தான் வரும், ஏனெனில் அது இறங்குவரிசையில் நல் மதிப்பை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கிறது. அதிகபட்சத்தை விடக் குறைந்த சம்பளங்களுள் அதிகபட்சம் எது என்று துணை வினவலாகக் கேட்டால் இரண்டிலும் 40000 கிடைக்கும்: மேக்ஸ் நல்லைக் கணக்கில் கொள்வதில்லை, 55000ஐ விடக் குறைவு என்ற ஒப்பீட்டில் நல் தேறுவதும் இல்லை. வரிசைகளைக் குழுவாக்காமலே ஒவ்வொன்றுக்கும் இட எண் தரும் சன்னல் சார்புகளைப் (window functions) பயன்படுத்துவதாக இருந்தால், ரோ நம்பர், ராங்க், டென்ஸ் ராங்க் ஆகிய மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை எண்களாகவே எழுதிப் பார்த்துவிட வேண்டும். 55000, 55000, 40000, 30000 என்ற வரிசைக்கு ரோ நம்பர் 1, 2, 3, 4 என்றும், ராங்க் 1, 1, 3, 4 என்றும், டென்ஸ் ராங்க் 1, 1, 2, 3 என்றும் தரும். இந்தக் கேள்விக்கு வேண்டியது டென்ஸ் ராங்க். ராங்கில் இரண்டு என்ற இடமே இல்லை. நல் சம்பளத்தை முதலிலேயே 'வேர்' நிபந்தனையால் விலக்கிவிடுவதும் அவசியம். மைஎஸ்க்யூஎல்லில் இச்சார்புகள் 2018இல் வந்த 8.0 பதிப்பிலிருந்துதான் உள்ளன என்பதால், பழைய பதிப்பைச் சொல்லிக் கேட்டால் துணை வினவல்தான் வழி.

நல் தனியாகப் படிக்க வேண்டிய பொருள். இதற்கு மட்டும் எவ்வளவு நேரம் ஒதுக்கினாலும் தகும். எஸ்க்யூஎல்லில் ஒரு நிபந்தனையின் விடை உண்மை, பொய் என்ற இரண்டோடு முடிவதில்லை. 'அறியப்படாதது' என்ற மூன்றாவதும் உண்டு. 'வேர்' பகுதி உண்மையான வரிசைகளை மட்டுமே அனுமதிக்கும். எனவே சம்பளம் 55000க்குச் சமம் என்று கேட்டால் இருவர் வருவார்கள், சமமல்ல என்று கேட்டாலும் இருவரே வருவார்கள், ஜோசப் எதிலும் வரமாட்டார். ஒரு நிபந்தனையின் விடையையும் அதன் மறுப்பின் விடையையும் கூட்டினால் மொத்த வரிசைகள் வந்துவிடும் என்ற எண்ணத்தைக் குறிவைத்தே சில வினாக்கள் அமைக்கப்படுகின்றன. சராசரியிலும் இதே கண்ணிதான்: சராசரிச் சார்பு 180000ஐ நான்கால் வகுத்து 45000 என்று சொல்லும்; கூட்டுத்தொகையை, எல்லா வரிசைகளையும் எண்ணும் கவுண்ட் நட்சத்திரத்தால் (COUNT(*)) வகுத்தால் 36000 என்று வரும். இரண்டில் எது சரி என்பது கேள்வியின் பொருளைப் பொறுத்தது, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

இவற்றுள் மிகவும் கேட்கப்படுவது நாட் இன் (NOT IN, 'இந்தப் பட்டியலில் இல்லாதவை'). 'யாருக்கும் மேலாளராக இல்லாத பணியாளர்கள் யார்' என்று கேட்டால், தம் எண் மேலாளர் புலத்தில் வராதவர்கள் என்று நாட் இன் கொண்டு எழுதத் தோன்றும். விடை ரஹீம், செல்வி, ஜோசப் என்று மூவராக இருக்க வேண்டும். வருவது பூச்சியம் வரிசைகள். காரணத்தைத் தாளில் விரித்து எழுதிப் பாருங்கள். மேலாளர் புலத்தின் மதிப்புகள் நல், 1, 1, 2, 2. ரஹீமின் எண் 3. 3 என்பது 1க்கும் 2க்கும் சமமல்ல என்பவை உண்மை, ஆனால் 3 நல்லுக்குச் சமமல்ல என்பதற்கு விடை அறியப்படாதது. இவை அனைத்தையும் 'மற்றும்' கொண்டு இணைத்தால் முடிவும் அறியப்படாததே. மீனாவுக்கும் கதிருக்கும் முடிவு பொய். யாருக்கும் உண்மை வராததால் விடை வெறுமை. இதையே நாட் எக்ஸிஸ்ட்ஸ் கொண்டு எழுதினால் மூவரும் வருவார்கள், ஏனெனில் அது பொருந்தும் வரிசை உண்டா இல்லையா என்று மட்டுமே பார்க்கிறது. இத்தனைக்கும் குரூப் பை மட்டும் எல்லா நல்களையும் ஒரே குழுவாகச் சேர்த்துவிடும்; சமம் என்று ஒப்புக்கொள்ளாத மொழி குழு சேர்க்கும்போது மட்டும் ஒப்புக்கொள்வது விந்தைதான், தரநிலை அப்படித்தான் இருக்கிறது.

இடப்பக்க அட்டவணையின் எல்லா வரிசைகளையும் விடாமல் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் பற்றிய வினாக்களில் நிபந்தனை எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதை முதலில் பாருங்கள். துறை அட்டவணையை இடப்பக்கம் வைத்துப் பணியாளர் அட்டவணையோடு இணைத்தால் ஐந்து வரிசைகள் வரும்: கணக்குக்கு ஒன்று, விற்பனைக்கு மூன்று, கிடங்குக்கு வலப்பக்கம் முழுவதும் நல்லாக ஒன்று. துறைவாரியாகக் கவுண்ட் நட்சத்திரம் எடுத்தால் கிடங்கில் ஒருவர் இருப்பதாகக் காட்டும். பணியாளர் எண்ணைக் குறிப்பிட்டு எண்ணினால்தான் பூச்சியம் கிடைக்கும். இப்போது 50000க்கு மேல் சம்பளம் என்ற நிபந்தனையைச் சேர்ப்போம். அதை 'வேர்' பகுதியில் எழுதினால் கிடங்கின் நல் வரிசை சலிக்கப்பட்டு, லெஃப்ட் ஜாயின் என்று எழுதியிருந்தும் சாதாரண ஜாயினின் விடையே வரும். இணைப்பு நிபந்தனைக்கான 'ஆன்' (ON) பகுதியில் எழுதினால் மூன்று துறைகளும் நிற்கும். எண்ணிக்கை 1, 1, 0. பொருந்தாத வரிசைகளை நல் கொண்டு நிரப்பிச் சேர்ப்பது 'ஆன்' நிபந்தனை முடிந்த பிறகு, 'வேர்' தொடங்குவதற்கு முன்பு என்று நினைவில் வைத்தால் எந்த வினாவிலும் தடுமாற வேண்டியிருக்காது.

ஒன்றுக்குப் பல உறவுள்ள அட்டவணையை இணைத்துவிட்டுக் கூட்டுத்தொகை எடுப்பது வேலையில் அதிகம் பார்க்கும் சிக்கல், தேர்வில் குறைவு. கதிர் இரண்டு திட்டங்களில் இருந்தால், திட்ட அட்டவணையோடு இணைத்த பின் அவர் சம்பளம் இரண்டு முறை கூட்டப்படும். இதற்கு மருந்தாகப் பலர் கூட்டலுக்குள் டிஸ்டிங்க்ட் போடுகிறார்கள். அது மீனாவின் 55000ஐயும் கதிரின் 55000ஐயும் ஒன்றாக்கி, 180000 வர வேண்டிய இடத்தில் 125000 தந்துவிடும். முதலில் தனியாகத் தொகுத்து, பிறகு இணைப்பதே சரியான வழி.

வெற்றுக் கணத்தின் மீதான ஒப்பீடு கேட் தேர்வுக்கே உரிய தந்திரம் என்று சொல்லலாம். 2012ஆம் ஆண்டுத் தாளில் வந்த வினா இதற்கு நல்ல சான்று. ஏ அட்டவணையில் அருண், ஸ்ரேயா, ரோஹித் என்ற மூவர். பி அட்டவணையில் அருண் என்ற பெயரில் யாருமே இல்லை. பி அட்டவணையில் அருண் என்ற பெயருடைய அனைவரின் வயதையும் விட அதிக வயதுடைய ஏ வரிசைகள் எத்தனை என்பது, 'ஆல்' (ALL, எல்லாம்) என்ற சொல்லோடு கேட்கப்பட்டது. துணை வினவல் வெறுமையாக இருந்தால் 'ஆல்' ஒப்பீடு எப்போதும் உண்மை. ஆகவே மூன்று வரிசைகளும் வரும். 'எனி' (ANY, ஏதேனும் ஒன்று) என்று மாற்றினால் எப்போதும் பொய், விடை பூச்சியம். அதே இடத்தில் துணை வினவலுக்குள் மேக்ஸ் எழுதியிருந்தால் அது நல்லைத் தரும், ஒப்பீடு அறியப்படாததாகும், விடை மறுபடியும் பூச்சியம். 'ஆல்' என்பதும் 'அதிகபட்சத்தை விட அதிகம்' என்பதும் ஒன்றே என்று நினைத்துப் படிப்பவர்கள் விழுவது இங்கேதான்.

'எல்லாப் பாடங்களையும் எடுத்த மாணவர்கள்' என்ற வகைக் கேள்விக்கு உறவுசார் இயற்கணிதத்தில் வகுத்தல் என்ற செயலி உண்டு. எஸ்க்யூஎல்லில் நேரடியாக இல்லை. 'இவர் எடுக்காத பாடம் ஒன்றுகூட இல்லை' என்று கேள்வியைத் தமிழில் இரட்டை மறுப்பாக மாற்றி எழுதிக்கொண்டால், நாட் எக்ஸிஸ்ட்ஸுக்குள் நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்ற அமைப்பு தானாகவே வந்துவிடும். தேர்வில் இவ்வமைப்பைக் கொடுத்து என்ன செய்கிறது என்று கேட்டால், உள்ளிருந்து வெளியே ஒவ்வோர் அடுக்கையும் ஒரு தமிழ் வாக்கியமாக எழுதிக்கொள்வது நேரத்தை வீணாக்குவது போலத் தோன்றினாலும், தெரிவுகளை மாற்றி மாற்றி வாசிப்பதை விட விரைவானது. எண்ணிக்கையை ஒப்பிட்டும் இதைச் செய்யலாம். ஆனால் ஒரே மாணவர் ஒரே பாடத்தை இருமுறை பதிவு செய்திருக்க இயலுமா என்று முதன்மைத் திறவுகோலைப் (primary key, ஒவ்வொரு வரிசையையும் தனித்து அடையாளம் காட்டும் புலம் அல்லது புலங்கள்) பார்க்காமல் அதை நம்பக் கூடாது. இயற்கணிதத்தையும் எஸ்க்யூஎல்லையும் ஒப்பிடும் வினாக்களில், இயற்கணிதத்தில் சில புலங்களை மட்டும் எடுக்கும் வீழ்த்தல் (projection) இரட்டிப்புகளை நீக்கிவிடும், செலக்ட் நீக்காது என்ற ஒன்றைச் சரிபார்த்தாலே பெரும்பாலும் போதும்.

தாளில் கண்ட விடையைப் பின்னர் கணினியில் ஓட்டிச் சரிபார்ப்பது நல்லது, ஆனால் எந்த மென்பொருளில் என்பதைக் கவனிக்க வேண்டும். எஸ்க்யூலைட் நிறுவ எளிது, சர்வர் வேண்டாம், தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பு. இருப்பினும் குரூப் பையில் இல்லாத புலத்தை செலக்டில் எழுதினாலும் பிழை காட்டாமல் ஏதோ ஒரு வரிசையின் மதிப்பைத் தந்துவிடும். 'ஆல்', 'எனி' ஒப்பீடுகளும் அதில் இல்லை. மைஎஸ்க்யூஎல் பழைய பதிப்புகளில் இதே தாராளத்தைக் காட்டியது, 5.7 முதல் இயல்பாகவே மறுக்கிறது. ஆரக்கிள் வெற்றுச் சரத்தை நல்லாகவே கொள்ளும். கேட் வினாக்கள் தரநிலையை ஒட்டியே அமைவதால், இவற்றுள் தரநிலைக்கு நெருக்கமாக நடந்துகொள்ளும் போஸ்ட்கிரெஸையே நான் பயன்படுத்தினேன். பழைய வினாத்தாள்களில் உள்ள அட்டவணைகளை அதில் ஏற்றி, விடை சரியாக வந்த வினாக்களுக்கும் ஒரு நல் வரிசையைக் கூடுதலாகச் செருகி, விடை எப்படி மாறும் என்று முதலில் தாளில் எழுதிவிட்டு, பிறகு ஓட்டிப் பாருங்கள்.