ஆபீஸுக்குப் போகிற எலக்ட்ரிக் காரில் ஆட்டோகிராஸ்

ரேஸ் என்றதும் பயப்படுகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஆட்டோகிராஸில் பக்கத்தில் இன்னொரு கார் ஓடாது. காலியான பெரிய பார்க்கிங் மைதானத்தில் ஆரஞ்சு கோன்களை அடுக்கி வளைந்து வளைந்து ஒரு பாதை போட்டிருப்பார்கள், ஒவ்வொருவராகப் போய் ஒரு நிமிடத்துக்குள் ஓட்டி முடித்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான். இங்கே அமெரிக்காவில் பெரும்பாலும் எஸ்.சி.சி.ஏ. (ஸ்போர்ட்ஸ் கார் கிளப் ஆஃப் அமெரிக்கா) கிளைகள் நடத்துகின்றன, 1944-ல் தொடங்கிய சங்கம். கோனை இடித்தால் 2 நொடி அபராதம். ஆனால் ஒவ்வொரு கோனைச் சுற்றியும் தரையில் ஒரு கட்டம் வரைந்திருப்பார்கள். கோன் நகர்ந்தாலும் சாயாமல் அந்தக் கோட்டைத் தொட்டபடி நின்றால் தப்பித்தீர்கள்.

நான் ஓட்டுவது செவர்லே போல்ட். அதைக் கொண்டுபோய் நிறுத்தினாலே யாராவது வந்து, "எலக்ட்ரிக்கா? பிக்கப் அள்ளுமே!" என்பார்கள். அள்ளத்தான் செய்கிறது, 200 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர் டார்க், எல்லாமே முன்சக்கரங்களுக்கு. சிக்கலே அங்கேதான். கம்பெனி போட்டுக் கொடுக்கும் டயர், ஒரு சார்ஜில் நாலு மைல் கூடுதலாக ஓடுவதற்காகச் செய்த டயர். வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலேட்டரை அமுக்கினால் உள்பக்கச் சக்கரம் வெறுமனே சுற்றும், காரோ ஸ்டியரிங் சொல்வதைக் கேட்காமல் நேராகப் போகும். பேட்டரி தரையோடு தரையாக இருப்பதால் கார் அதிகம் சாய்வதில்லை என்பது உண்மை. ஆனாலும் பக்கத்தில் நிற்கும் மியாட்டா என்கிற மாஸ்டாவின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் 1,060 கிலோ சொச்சம், இது 1,600-க்கும் மேல், அந்த எடையைத் திருப்ப வேண்டியதும் அதே முன் டயர்கள்தான்.

டயர் என்ன பாடுபடுகிறது என்று பார்க்க வெள்ளை ஷூ பாலிஷ் போதும். டயரின் ஓரத்தில், தரையில் படும் பகுதியும் பக்கச் சுவரும் சேரும் இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு ரன் போய்வந்து பாருங்கள். கோடு பக்கச் சுவர் வரைக்கும் அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்றைக் கொஞ்சம் ஏற்றவேண்டும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ரீஜென், அதாவது மோட்டாரே காரை மெதுவாக்கி அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புவது. போல்ட்டை 'எல்' மோடில் போட்டுவிட்டால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை லேசாக எடுத்தாலே வேகம் குறையும், எடை முன்னால் வரும், கார் வளைவுக்குள் அழகாகத் திரும்பும். ஸ்லாலத்தில், அதாவது வரிசையாக நிற்கும் கோன்களுக்கு இடையே மாறி மாறி வளைந்து போகும்போது, பிரேக் பக்கமே போகாமல் ஒற்றைக் காலில் முழுதையும் ஓட்டிவிடலாம். காலைச் சட்டென்று எடுத்தால் மட்டும் கார் வெட்டி இழுக்கும்; அதனால் சிலர் சாதாரணமாக ஓட்டும் 'டி'யில் வைத்துக்கொண்டு இடது காலால் பிரேக் பிடிப்பார்கள். என் ஓட்டு 'எல்'லுக்கே.

பேட்டரி சூடாகிவிடாதா, சார்ஜ் தீர்ந்துவிடாதா என்பதெல்லாம் இங்கே வீண் கவலை. ஒரு ரன் ஒரு நிமிடம்கூட இல்லை, அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும், மைதானத்துக்குப் போய்வரத்தான் சார்ஜ் அதிகம் செலவாகும். இதில் வேடிக்கை, காலையில் காரைச் சோதிப்பவர் உறுதியாகப் பொருத்தியிருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பது பானெட்டுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியைத்தான்.

ஓட்டுகிறவர்களே முறைபோட்டு, இடிபட்ட கோன்களை எடுத்து வைக்கவும் போகவேண்டும். அங்கே நிற்கும்போதுதான் சத்தமில்லாத கார் எவ்வளவு வில்லங்கம் என்று தெரியும். எஞ்சின் சத்தத்தை நம்பிக் குனிந்து பழகியவர்களுக்கு நம் கார் வருவதே காதில் விழாது, டயர் கிறீச்சிட்டால்தான் உண்டு. சத்தத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் புகார் வராது என்பது மட்டும் லாபம்.

சரி, செலவு செய்வதென்றால் எதற்கு? டயருக்கு. அதிகம் மாற்றாத கார்களுக்கான ஸ்ட்ரீட் வகுப்புகளில் ட்ரெட்வேர் (டயர் எவ்வளவு நாள் தேயாமல் உழைக்கும் என்பதற்கான எண், குறைந்தால் பொதுவாகப் பிடிப்பு அதிகம்) 200-க்குக் குறையக் கூடாது என்பது விதி, அந்த 200-ல் நல்லதாக ஒரு செட் வாங்குங்கள். ஒரு சார்ஜில் ஓடும் தூரம் நன்றாகவே அடிவாங்கும், மழையிலும் குளிரிலும் எனக்கு அவற்றின்மேல் நம்பிக்கை கிடையாது. அதனால் தனி ரிம்மில் போட்டு வைத்துக்கொண்டு, போட்டியன்று மட்டும் மாட்டுவதுதான் வசதி. ஜாக்கியும் டார்க் ரெஞ்சும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.