இரவு பத்து மணிக்கு மேல் ஒலித்த பாடல்கள்

கல்லூரி வானொலியில் எனக்குக் கிடைத்தது யாருக்கும் வேண்டாத இரவு நேரம்தான், ஆனால் இன்றுவரை நான் இசை கேட்கும் விதத்தையே அந்த நேரம்தான் தீர்மானித்தது.

இசைத்தட்டைத் தயார் செய்வது எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஹெட்ஃபோனை ஒரு காதில் வைத்துக்கொண்டு, ஊசியை இறக்கி, முதல் சத்தம் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, தட்டை விரலால் கால் சுற்று பின்னால் திருப்பிப் பிடித்திருப்பேன். முந்தைய பாட்டு அடங்கும்போது விரலை எடுக்கணும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றணும். ஒருமுறை நிமிடத்துக்கு 45 சுற்று ஓடவேண்டிய தட்டை 33-இல் ஓடவிட்டேன். பாடகியின் குரல் ஆண் குரலாக இறங்கி வந்தது. வேகம் கூடினால் சுருதியும் கூடும், குறைந்தால் குறையும் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

அப்புறம், சினிமா. பாட்டை எல்லாரும் போடுவார்கள் என்று நான் பின்னணி இசையைத் தேடிப் போடுவேன். வசனமும் படமும் இல்லாமல் கேட்டால்தான் அந்த இசையமைப்பாளர் எங்கே மௌனம் விட்டிருக்கிறார் என்று தெரியும். எனக்குப் பிடித்த படங்கள் எல்லாமே அப்படி மௌனம் விடத் தெரிந்தவை. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்து போகிறவர்களைப் பார்த்தால் இன்றும் வருத்தமாக இருக்கும், பல படங்களில் இசை வெட்டுப்படாமல் முழுசாக வருவது அங்கேதான்.

ஒரு நாள் ஸ்டுடியோவுக்குப் போன் வந்தது. “இப்ப போட்டீங்களே, அது என்ன?” அவ்வளவுதான் கேட்டார். பெயரைச் சொன்னேன், அவர் எழுதிக்கொள்ளும்வரை காத்திருந்தேன்.