புறா மூக்கில் பிடித்த மைட்டுக்குப் பெயர் தேடுதல்

பறவை மூக்கில் வாழும் மைட்டுகளை, அதாவது உண்ணி போன்ற நுண்ணிய உயிரிகளை, தேடுவது என் பொழுதுபோக்கு. அதற்காக, நான் இருக்கும் டொராண்டோ கட்டடத்தின் கண்ணாடியில் மோதிச் சாகும் பறவைகளில் மாடப்புறா, ஸ்டார்லிங், சிட்டுக்குருவி மூன்றையும் மட்டும்தான் கையில் எடுக்கிறேன். மற்றதெல்லாம் கிடந்தால் கிடக்கட்டும். கனடாவின் 1994ஆம் ஆண்டுப் புலம்பெயர் பறவைகள் சட்டம் இந்த மூன்றுக்கும் பொருந்தாது, ஒன்டாரியோ மாகாணச் சட்டமும் இவற்றுக்குப் பாதுகாப்பு தரவில்லை. வேறு பறவையின் உடலை வைத்திருக்க அனுமதிச் சீட்டு வேண்டும். இந்தியாவில் இருந்து இதைச் செய்ய ஆசைப்படுபவர்களுக்கும் அதையேதான் சொல்வேன்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மூக்கறைக்குள் கிடைக்கும் மைட்டுகள் பெரும்பாலும் ரைனோநிசிடே என்ற குடும்பம். அரை மில்லிமீட்டர் அளவு, ரத்தம் குடிப்பவை, ஓட்டமெல்லாம் கிடையாது, சவ்வைக் கால் நகங்களால் பிடித்துக்கொண்டு மெதுவாக நகரும். இதே மூக்கில் வேறு இரண்டு குடும்பங்களும் குடியிருக்கும். எரைநெடிடே உள்ளே இருக்கும். டர்பினாப்டிடே நாசித் துளையின் வெளிப்பக்கமாகத் தோல் செதிலைத் தின்று பிழைக்கும். வேய்ன் நீ (Wayne Knee), ஹெதர் புராக்டர் முதலிய ஆய்வாளர்கள் ஆல்பர்ட்டா, மானிடோபா பறவைகளை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்றுமே வருகின்றன.

எடுக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் கையுறை, என்95 முகக்கவசம், கண்ணாடி. புறாவிடம் மனிதருக்கும் தொற்றும் சிட்டகோசிஸ் நோயின் கிருமி இருக்கலாம். 2021 கடைசியில் கனடாவுக்கு வந்த எச்5என்1 பறவைக் காய்ச்சல் இன்னும் போகவில்லை. உறைபெட்டியில் வைத்தால் வைரஸ் செத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். சாகாது, பத்திரமாகத்தான் இருக்கும். அதனால் மோதிச் செத்தது என்று தெளிவாகத் தெரிகிற பறவையை மட்டும் எடுத்து, தலையை எத்தனாலில் நன்றாக ஊறவிட்டு, அப்புறம்தான் வேலை. மேல்வாயில் உள்ள பிளவு வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, ஊசிக் குழலால் எத்தனாலைப் பாய்ச்சினால் நாசித் துளை வழியே வெளியே வரும். அதைப் பெட்ரி தட்டில் பிடித்து ஸ்டீரியோ நுண்ணோக்கியில் தேட வேண்டும். கழுவி முடித்த பிறகு அலகை நீளவாக்கில் பிளந்து உள்மடிப்புகளையும் பார்ப்பது நல்லது. நகத்தால் பிடித்திருப்பவை சில கழுவலுக்கு அசைவதே இல்லை.

தட்டில் விழுந்ததெல்லாம் மூக்கு மைட் அல்ல. இறகிலிருந்தும் தோலிலிருந்தும் ஏதேதோ கூட வரும். பறவைக் கூடுகளில் வாழும் டெர்மனிசஸ், ஆர்னித்தோநிசஸ் போன்ற கூட்டு மைட்டுகள்தான் பெரிய தொல்லை. அவையும் ரைனோநிசிடே அடங்கும் மீசோஸ்டிக்மேட்டா என்ற பெரும்பிரிவு, அவையும் ரத்தம் குடிப்பவை, அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். நான் முதலில் பார்ப்பது சுவாசத் துளையைத்தான். கூட்டு மைட்டில் அந்தத் துளையிலிருந்து பெரிட்ரீம் என்ற ஒரு பள்ளம் உடலின் ஓரமாக முன்கால்கள் வரை சட்டைத் தையல் போல நீண்டு ஓடும். மூக்கு மைட்டில் அது குட்டையாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. துளையும் உடலின் மேல்பக்கம் ஏறியிருக்கும். ஈரமான மூக்கறைக்குள் வாழ்கிற ஒன்றுக்கு நீண்ட பள்ளம் எதற்கு என்று எனக்குத் தோன்றும், ஆனால் அது என் யூகம்தான்.

இதைப் பார்க்க வேண்டுமென்றால் உடல் கண்ணாடி மாதிரி தெளிய வேண்டும். ரத்தம் குடித்த மைட்டின் குடல் கறுத்துக் கிடக்கும், அதன் பின்னால் எதுவும் தெரியாது. மிக மெல்லிய பூச்சி ஊசியால் வயிற்றின் ஓரத்தில் ஒரு குத்து குத்திவிட்டு லாக்டிக் அமிலத்தில் போட்டு வைக்கிறேன். லாக்டோஃபீனால் வேகமாக வேலை செய்யுமாம், ஆனால் ஃபீனாலை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நிரந்தர ஸ்லைடு செய்ய மைட் வல்லுநர்கள் விரும்பும் ஹோயர் திரவத்துக்கு குளோரல் ஹைட்ரேட் வேண்டும். அதை நம்மைப் போன்றவர்கள் கடையில் போய் வாங்கிவிட முடியாது. சரி, நிரந்தர ஸ்லைடு இல்லாவிட்டால் போகிறது.

குழி ஸ்லைடில் ஒரு சொட்டு லாக்டிக் அமிலம், அதில் மைட், குழியைப் பாதி மட்டும் மூடும்படி ஒரு கவர் ஸ்லிப். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கவர் ஸ்லிப்பின் விளிம்பை ஊசி முனையால் துளியளவு தள்ளினால் மைட் உருளும். முதுகைப் பார்க்கலாம், பக்கவாட்டில் பார்க்கலாம், வயிற்றுப் பக்கம் திருப்பலாம். நிரந்தர ஸ்லைடில் ஒரு கோணம்தான். வாய்ப்பகுதி உடலின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கிறதா, அடியில் மடிந்து மேலிருந்து தெரியாமல் ஒளிந்திருக்கிறதா என்று உருட்டினால் உடனே தெரிந்துவிடும். அடியில் மடிந்திருந்தால் ஸ்டெர்னோஸ்டோமா பேரினத்தை நினைக்கலாம். வளர்ப்புக் கேனரி, கூல்டியன் ஃபிஞ்ச் பறவைகள் வைத்திருப்பவர்கள் பயப்படும் ஸ்டெர்னோஸ்டோமா டிரக்கியகோலம் இந்தப் பேரினம்தான். லாரன்ஸ் என்பவர் 1948இல் விவரித்தது, மூச்சுக்குழாய்க்கும் காற்றுப்பைக்கும் போய்விடும்.

புறாவில் எனக்குக் கிடைத்தவற்றில் சில பெண்களின் வயிற்றுக்குள் முழு உருவம் பெற்ற லார்வா தெரிந்தது, கால்கள்கூட எண்ணும்படியாக. ஆறு கால். ரைனோநிசிடேக்களில் இது சகஜம். ஆனாலும் அந்த ஸ்லைடைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன், வேலை எதுவும் நடக்கவில்லை.

பெயர் என்று வரும்போதுதான் சபலம் தொடங்குகிறது. மாடப்புறா மூக்கிலிருந்து டினாமினிசஸ் மெல்லோய், டினாமினிசஸ் கொலம்பே என்று இரண்டு பெயர்கள் நூல்களில் உண்டு. புறாவில் கிடைத்தது, எனவே இரண்டில் ஒன்று, பொதுவாகச் சொல்லப்படுவது மெல்லோய், எழுதிவிடு என்று மனம் சொல்லும். பறவையைப் பார்த்து மைட்டுக்குப் பெயர் வைப்பது இந்தப் பொழுதுபோக்கின் சோம்பேறித்தனம் என்பது என் கருத்து. இந்த மைட்டுகள் பெரும்பாலும் தங்களுக்குரிய பறவையை விட்டு விலகாதவைதான், ஆனால் எல்லாமும் அப்படி இல்லை. மேலே சொன்ன டிரக்கியகோலம் பல பறவை இனங்களில் பதிவாகியிருக்கிறது. ஒரே மூக்கில் இரண்டு இனங்கள் சேர்ந்து இருப்பதும் உண்டு. பறவையின் பெயர் தேடலைச் சுருக்க உதவும், சாட்சியாக நிற்காது.

அதனால் ஸ்லைடில் கண்ணால் பார்த்ததை மட்டும் வரைகிறேன்: முதுகுத் தகடுகள் எத்தனை, அவற்றின் விளிம்பு, மார்புத் தகட்டில் உள்ள மயிர்கள், குதத் தகடு, முதல் காலின் நகம். நுண்ணோக்கியில் ஒளியைக் குவிக்கும் கண்டன்சருக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டைப் பாதி செருகினால் வெளிச்சம் சாய்ந்து விழுந்து மெல்லிய தகட்டின் ஓரம் எழுந்து நிற்கும். செலவில்லாத வித்தை. வரைந்த பிறகே ஸ்ட்ராண்ட்மனும் வார்ட்டனும் 1958இல் வெளியிட்ட மீசோஸ்டிக்மேட்டா கையேட்டைத் திறப்பது. புறா மைட் டினாமினிசஸ் வரை வந்துவிட்டது. இனப்பெயருக்கு இன்னும் சில முதிர்ந்த பெண்களைத் தெளியவைத்து மயிர்களை ஒப்பிட வேண்டும்.

ஸ்டார்லிங் கதை வேறு. கிடைத்தது மென்மையான, தகடே இல்லாதது போன்ற உடல். நடுவுடலில் சுவாசத் துளையைத் தேடினால் இல்லை. அப்படியென்றால் ரைனோநிசிடே அல்ல, எரைநெடிடே பக்கம் போக வேண்டும். எலிசபெத் பாய்ட் 1948இல் ஸ்டார்லிங்கின் சுவாசப் பாதையிலிருந்து இந்தக் கூட்டத்து மைட் ஒன்றை விவரித்திருக்கிறார், பிற்பாடு பாய்டையா என்ற பேரினமே அவர் பெயரால் வந்தது. மறுபடியும் அதே சபலம். எரைநெடிடே என்றால் முதல் காலின் டிபியா என்ற கணுவுக்குள் எரைநெடல் உறுப்பு என்று ஒன்று இருக்க வேண்டும். அது கண்ணில் படும்வரை லேபிளில் குடும்பப் பெயரையும் பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன். மிச்ச மைட்டுகளை லாக்டிக் அமிலத்தில் போடாமல் 95% எத்தனாலில் உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். டிஎன்ஏ பார்க்க யாராவது முன்வந்தால் அவை உதவும். சிட்டுக்குருவியில் இதுவரை ஒன்றும் இல்லை.