ஒட்டுசுட்டான் பக்கம் ஓர் இராமநாதன் படம்

மாங்குளத்தில் ரயிலை விட்டிறங்கி முல்லைத்தீவு பஸ்ஸில் ஏறினேன். கற்சிலைமடுவில், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லைப் பார்ப்பதுதான் திட்டம். அதற்கு முன் ஒட்டுசுட்டான் பக்கம் நண்பர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அங்கே மண்டபத்துச் சுவரில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் ஆளுயர எண்ணெய் ஓவியம் தொங்குகிறது.

ஆங்கிலேயப் பிரபுக்களைக் கீறும் பழைய முறைதான்: பின்னால் சிவப்புத் திரை, பக்கத்தில் தூண், மேசையில் சட்டப் புத்தகங்கள், அவற்றின்மேல் ஊன்றிய கை. ஆனால் கண் போவது தலைப்பாகைக்கு. தூர நின்றால் வெறும் வெள்ளை. கிட்டப் போனால் ஒவ்வொரு மடிப்பிலும் நீலமும் மஞ்சளும் சாம்பலும். கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தைப் பார்த்துக் கீறியதாம். அப்படியென்றால் இந்த நிறங்கள் முழுவதும் ஓவியர் யோசித்துப் போட்டவை. முகத்தில் கடுமை குறைவு. யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம். எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

இராமநாதன் 1851இல் கொழும்பில் பிறந்தவர். தாய்மாமன் சேர் முத்துக்குமாரசுவாமி இறந்தபின் 1879இல், 28 வயதில், சட்டநிரூபண சபைக்குப் போனார். அப்போது இலங்கைத் தமிழர் எல்லோருக்குமாக அங்கே ஒரே ஓர் இடம். அதற்கும் ஆளை ஆங்கிலேயத் தேசாதிபதிதான் நியமிப்பார். வன்னியில் குளத்துக்குக் கீழே வயல் விதைத்தவர்களுக்காகவும் அவர்தான் பேச வேண்டும். அவர்களிடம் வாக்குக் கேட்டு யாரும் வந்ததில்லை. அந்தக் கேட்கும் முகத்தை இங்கே கொண்டுவந்து மாட்டியதில் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது.

"இதே அளவில பண்டாரவன்னியனையும் கீறித் தரச் சொல்லி இந்த ஓவியரிட்டக் கேட்டனாங்கள்," என்றார் நண்பர். "ஆரைப் பார்த்துக் கீறுறது எண்டு யோசிச்சுக்கொண்டு இருக்கிறார்."

சரிதான். கமரா வருவதற்கு முந்தைய காலத்து மனிதர் அவர். பின்னேரம் போய்ப் பார்த்த கற்சிலைமடுக் கல்லும் 1803 ஒக்டோபர் 31 அன்று ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் அவரைத் தோற்கடித்ததைத்தான் சொல்கிறது. அவர் எப்படி இருந்தார் என்று அறிய அதில் ஒன்றும் இல்லை.

வவுனியாவில் நிற்கும் சிலையைப் பார்த்துக் கீற வேண்டாம், இந்தப் பக்கத்து வயல்களில் நிற்கிறவர்களைப் பார்த்தே கீறட்டும் என்று நண்பரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அப்புறம் இன்னொன்றும் கேட்டுக்கொண்டேன். இராமநாதன் படத்தில் ஓவியரின் கையெழுத்து இல்லை. புதுப் படத்திலாவது அவர் தன் பெயரைப் போட வேண்டும்.