பர்மா பஜாரில் அத்தோ

சென்னை பீச் ஸ்டேஷனில் இறங்கி ரோட்டைக் கடந்தால் பர்மா பஜார். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடுதான் அத்தோ. சாயங்காலம் போங்க.

வெந்த நூடுல்ஸில் பச்சை முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணி, மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய் விட்டு, கையாலேயே பிசைவார்கள். கடைசியில்தான் பேஜோவை, அதாவது தட்டை மாதிரி பொரித்த மொறுமொறுப்பான பண்டத்தை, நொறுக்கிப் போடணும். முன்னாலேயே போட்டால் புளித்தண்ணியில் ஊறி நமத்துவிடும், மொறுமொறுப்பே இருக்காது. அதனால் பார்சல் வேண்டாம், நின்றே சாப்பிடுங்க. காரம் குறைவாக வேண்டுமானால் பிசையும் முன்பே சொல்லிடணும். கூடவே வாழைத்தண்டு சூப் சூடாக வரும். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயம் அடைத்துத் தருவதையும் விடாதீங்க. எனக்கு அத்தோவைவிட அதுதான் உசத்தி.

பிறகு பறக்கும் ரயிலேறி கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினால், மெரினா நடக்கும் தூரம்தான்.