இரும்பின் மேல் ஒரு நைட்ரஜன் அணு

வேதியியலாளர் கெரார்ட் எர்ட்லின் பணியைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாள்களாக நினைத்திருந்தேன்.

ஃபிரிட்ஸ் ஹேபர் 1909ஆம் ஆண்டிலேயே நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் இணைத்து அம்மோனியா உண்டாக்கிக் காட்டினார். 1913இல் ஆலையும் இயங்கத் தொடங்கியது. உரமாகி உலகுக்கே சோறு போட்ட அந்த வினையில் இரும்பு வினையூக்கியின் (தான் தீர்ந்துபோகாமல் வினையை விரைவுபடுத்தும் பொருளின்) மேல் என்னதான் நடக்கிறது என்பது மட்டும் பல பத்தாண்டுகள் யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை.

எர்ட்ல், மாசற்ற இரும்புப் படிகத்தை காற்றே ஏறக்குறைய இல்லாத மீஉயர் வெற்றிடத்தில் வைத்து, அதன் பரப்பில் ஒட்டியிருந்த நைட்ரஜன் அணுக்களின் அளவைக் கணித்தார். ஹைட்ரஜனைக் கூட்டக் கூட்ட, அதனோடு சேர்ந்து அந்த அணுக்கள் குறைந்தன. நைட்ரஜன் மூலக்கூறு முதலில் இரண்டாகப் பிளந்து, பிறகே ஹைட்ரஜன் அணுக்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன என்பதும், அந்தப் பிளவே வினையின் மிக மெதுவான படி என்பதும் இவ்வாறு தெளிவாயின. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான சோதனை!

பிளாட்டினத்தின் மேல் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம் அடையும்போது, அதாவது ஆக்சிஜனுடன் சேரும்போது, சுருள் அலைகள் தோன்றிப் பரவுவதையும் அவருடைய குழு பெர்லினில் படம்பிடித்தது. வாகனப் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கியிலும் இதே வினைதான் நடக்கிறது.

2007இல், தம் 71ஆவது பிறந்த நாளன்று, வேதியியல் நோபல் பரிசு தமக்கு மட்டுமே வழங்கப்படும் செய்தியை அவர் கேட்டார். வினையூக்கியைத் தேடிக் கண்டுபிடித்தவர்களுக்கு இணையாக, அது வேலை செய்யும் விதத்தை விளக்கியவரையும் நம் பாடநூல்கள் சொல்ல வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.