ஏற்காட்டு வானத்தில் வெட்டிக்கொள்ளும் ரெண்டு கோடு

ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சி முனையில் நின்று அண்ணாந்து பார்த்தால் சில நாள் ரெண்டு விமானத்தின் வெள்ளைக் கோடு குறுக்கே வெட்டும். பதறாதீங்க. அந்த உயரத்தில் ரேடார் பார்வையில் வழக்கமாகப் ரெண்டு விமானத்துக்கும் நடுவே பக்கவாட்டில் 5 கடல் மைல், இல்லையென்றால் மேல்கீழாக 1,000 அடி இடைவெளி இருக்கணும். ஒன்று இருந்தால் போதும். ரெண்டும் போனால்தான் 'லாஸ் ஆஃப் செபரேஷன்', அதாவது இடைவெளி இழப்பு. தலா 900 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் வந்தால் அந்த 5 மைல் 19 விநாடிக்குள் தீர்ந்துவிடும். ஒரு டீ ஆற்றக்கூட நேரமில்லை.

தப்பு பல சமயம் சின்னதாகத்தான் தொடங்கும்: தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் சொன்ன உயரத்தை பைலட் மாற்றித் திருப்பிச் சொல்வார், கன்ட்ரோலர் காதில் அது ஏறாது. கடைசி அரண் விமானத்திலேயே இருக்கும், மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் டிகாஸ் கருவி. அது 'ஏறு' என்றால், கன்ட்ரோலர் 'இறங்கு' என்றாலும் ஏறத்தான் வேண்டும். 2002-ல் ஜெர்மனியின் யூபர்லிங்கன் மேலே ஒரு விமானம் டிகாஸை விட்டு கன்ட்ரோலர் சொல்லுக்கு இறங்கியது. குறுக்கே வந்த இன்னொன்று டிகாஸ் சொன்னபடி இறங்கிக்கொண்டிருந்தது. ரெண்டும் மோதின. இறந்தது 71 பேர்.